குப்பையில் உறங்கும் கனல்



'கழி' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் 'கழிவு'. ஒருவன் வேண்டாவெனக் கழித்தது பிறிதோர் உயிர்க்கு உணவாகும். இயற்கையில் முற்றும் பயனற்றதென ஒன்றுமில்லை. இதனை மறந்ததனாலேயே நம் கண்மாய்கள் சாக்கடைகளாயின.

மேற்குமலைச் சாரலில், ஒரே சாலையில் அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். முன்னது பாலால் பேர்பெற்றது. அதன் பாற்கோவா 2019-இல் புவிசார் குறியீடு எய்தியது. பின்னது நூலால் பேர்பெற்றது. அங்கு 1936-இல் எழுந்த ஆலையைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பல பெருகின. பால் உள்ளவிடத்துச் சாணம் உண்டு. ஆலை உள்ளவிடத்துப் பஞ்சுக்கழிவு உண்டு. பாலைச் சுண்டக் காய்ச்சுதற்கோ இடைவிடாத் தீ வேண்டும். அத்தீக்கு மாட்டின் சாணமே உதவுமென்றால், விறகைத் தேடி மலையை ஏன் வெட்டவேண்டும்? அம்மலையும் 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

சாணத்தையும் ஒத்த அளவு நீரையும் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் ஊற்றின், நுண்ணுயிர்களுள் ஒருசாரன அதனைப் புளிக்கச் செய்யும். மற்றொரு சாரன அப்புளிப்பை எரிவளியாக மாற்றும். அவ்வளியில் ஏறத்தாழ 60 விழுக்காடு 'மீத்தேன்'. எஞ்சியதில் பெரும்பங்கு கரிவளி. ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 இலிட்டர் எரிவளி தரும். ஐந்து மாடுகள் உள்ள வீட்டின் அடுப்பு இதனால் எரியும்.

வறட்டியாய் எரித்தால் வெப்பத்தின் பத்தில் ஒரு பங்களவே கலத்தைச் சேரும். பயிர்க்குரிய தழையூட்டமோ புகையாய்ப் போகும். ஊதும் பெண்ணின் கண்ணும் நுரையீரலும் கெடும். எரிவளியடுப்பிலோ வெப்பத்தின் பாதிக்குமேல் பயன்படும். தொட்டியினின்று வெளிவருங் குழம்பு நல்லெருவாய் வயலுக்குச் செல்லும். அடுப்பும் வயலும் ஒருசேர வாழும். பஞ்சாலைத் தூசியினின்றும் இவ்வாறு எரிவளி எடுக்கலாமென மும்பைப் பருத்தி ஆய்வகத்தார் செய்து காட்டியுள்ளனர்.

இவ்வூர்களுக்கு அணித்தாகிய தே. கல்லுப்பட்டியில் தம் இறுதிக்காலத்தைக் கழித்தவர் பொருளியல் அறிஞர் குமரப்பா. 1892-இல் தஞ்சையிற் பிறந்து 1960-இல் மறைந்த அவர், நிலக்கரி, பாறைநெய் போன்றவற்றைத் தேங்கிய இருப்பென்றும், காடு, ஓடுநீர் போன்றவற்றை ஓயாது வரும் வரவென்றும் பகுத்தார். இருப்பை உண்பவன் ஒருநாள் வெறுங்கையனாவான். வரவில் வாழ்பவனோ வழிவழி வாழ்வான். சாணம் நாள்தோறும் வரும் வரவன்றோ!

கழிவுநீர்க்கும் இயற்கையே மருந்து. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 எக்டேர்ப் பரப்பில் விரிந்த ஈரநிலங்களில், கதிரவன் ஒளியும் பாசியும் நகர்க் கழிவுநீரைத் தூய்மை செய்ய, அந்நீரிலேயே மீன் வளர்க்கின்றனர். நாணலும் சம்பும் கல்வாழையும் வளர்த்த பாத்திகளில் நீரை மெல்ல விடின், வேர்களைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். ஆனால், வெளுப்புப் பட்டறையின் உப்பையும் வேதிப்பொருளையும் நாணல் நீக்காது. அவற்றைத் தொழில் நடத்துவோரே தம் வாயிலிலேயே நீக்குதல் வேண்டும். இயற்கையின் பொறுமையைக் காட்டி ஆலையின் கடனைத் தட்டிக்கழித்தல் அறமன்று.

இவ்வறிவு தமிழனுக்குப் புதிதோ? கலங்கிய நீர் தேற்றாங்கொட்டையால் தெளிவதைக் கலித்தொகை தலைவியின் மனத்தெளிவுக்கு உவமையாக்கியது. இன்றோ நடுவண் அரசு 2018-இல் கொணர்ந்த கழிவாற்றல் திட்டம் 'கோபர்தன்' என்னும் பெயரோடு வந்தது. 'கோபர்' என்பது சாணத்துக்கு இந்திச்சொல். சாணத்தை நாள்தோறும் அள்ளும் உழத்திக்கு அவள் கைப்பொருளின் பெயரே அயலாயின், அத்திட்டம் தன்னுடையதென்று அவள் எங்ஙனம் உணர்வாள்? தொட்டியில் நீர் மிகுந்தால் என்னாகும், குழாய் அடைத்தால் என்செய்வது என்பவற்றை அவள் மொழியில் சொல்லாதவிடத்துத் தொட்டி தூர்ந்துபோகும். பழி அவள்மேல் விழும்.

ஆதலின், 'சாண எரிவளி' என்று சொல்வோம், சொல்வதோடமையாது செய்வோம். ஊர்தோறும் ஒரு தொட்டியேனும் அமைத்து, அதனை இயக்கும் முறையை நல்ல தமிழில் எழுதி அருகே நாட்டுவோம். தமிழ் ஏட்டில் மட்டும் வாழ்ந்தால் போதாது. அடுப்பங்கரையிலும் எருக்குழியிலும் வாழவேண்டும். மொழிமாசும் மண்மாசும் ஒருங்கே நீங்குக!

வெல்க தமிழ்!