முட்டுக்காடு முகத்துவாரமும் நம் தெருத் தண்ணீரும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் தெருவில் பெய்யும் மழை எங்கே போகிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு உப்பங்கழி வழியாகக் கோவளத்தில் கடல். அந்தக் கடைசி வாசலை மணல் அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மழைக்கு முன் மணலை அள்ளச் சொல்லி மனு கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் கோடையில் அந்தக் கழிக்குள் நடப்பதை நாம் கவனிப்பதில்லை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் பாதி அளவு உப்புத் தண்ணீர். அதன் மேல் மஞ்சள் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் பின்பக்கமாக மெதுவாக விடுங்கள். ரசத்தில் தெளிவும் மண்டியும் போல இரண்டும் தனித்தனியாக நிற்கும். ஆயிரம் லிட்டர் கடல்நீர், அதே அளவு நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ 25 கிலோ கனம். மழைக்காலத்தில் வெள்ளம் மேலாகக் கடலுக்குப் போகும். அடியில் கடல்நீர் உள்ளே நுழையும்.

சூடும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கொஞ்சமாக. 20 டிகிரித் தண்ணீர் 30 டிகிரி ஆனால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிலோதான் குறையும். இருந்தாலும் ஆழமில்லாத கழியில் அது போதும். பகலில் கரையோரத்து முழங்கால் ஆழத் தண்ணீர் முதலில் சூடாகி, மேலாக நடுவுக்குப் பரவும். இரவில் அதே ஓரம்தான் முதலில் குளிரும். கனத்து, தரையை ஒட்டி ஆழத்துக்குச் சரியும். காற்றே இல்லாத நாளிலும் இந்தப் போக்குவரத்து நடக்கும்.

வெயிலின் பெரிய வேலை தண்ணீரை ஆவியாக்குவது. ஒரு மீட்டர் ஆழக் கழியில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் போகிறது என்று வையுங்கள். முகத்துவாரம் மூடியிருந்தால் ஒரு மாதத்தில் 18 சென்டிமீட்டர். லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 43 கிராமை நெருங்கிவிடும். வாசல் திறந்திருந்தால் இந்தக் கனத்த நீர் அடியில் வழிந்து வெளியேற, கடல்நீர் மேலாக உள்ளே வரும். மழைக்காலத்துக்கு நேர் எதிர்!

இதில் நம் பங்கு ஒன்று உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கால்வாயில் நாம் விடும் கழிவுநீர் உப்பில்லாதது, இலேசானது. உப்புநீரின் மேல் மூடிபோல் படுத்துக்கொள்கிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் கரையும். அடிநீருக்கு அதுவும் எட்டாது. அப்போது கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. பாலத்தைக் கடக்கும்போது வரும் அழுகிய முட்டை வாடை அதுதான். மீன் செத்து மிதப்பதும் இப்படித்தான்.

"அப்படியானால் ஆண்டு முழுவதும் மணலை அள்ளிக்கொண்டே இருக்கலாமே?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அள்ளலாம், தென்மேற்குக் காற்றுக் காலத்துக் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து மறுபடி மணலைக் கொண்டுவந்து கொட்டும். வாசலைத் திறந்து வைப்பது ஏற்றத்தில் நுழைந்து வற்றத்தில் திரும்பும் தண்ணீரின் வேகம். ஒரு சதுர கிலோமீட்டர் கழியில் 30 சென்டிமீட்டர் ஏறினால் மூன்று லட்சம் கன மீட்டர். அதில் பாதியை மண் கொட்டி மனையாக்கினால், மணலைத் தள்ளும் தண்ணீரும் பாதியாகிவிடும். இயந்திரத்தை அடிக்கடி கூப்பிட வேண்டியதுதான்.

எனவே அடுத்த மனுவில் மூன்று கோரிக்கைகள் வேண்டும் என்பது என் கருத்து: மழைக்கு முன் தூர்வாருவது, கோடைக்கு முன்பும் ஒருமுறை பார்ப்பது, கழியோரம் மண் கொட்டுவதை நிறுத்துவது. மூன்றாவதற்குத்தான் கையெழுத்து குறைவாக விழும் என்று நினைக்கிறேன். வரைவு சங்க அலுவலகத்தில் இருக்கிறது. படித்துவிட்டுத் திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்.