பொதுப் பள்ளியிற் சமய பாடம்

[பீர்க்கன்கரணையில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு]



சென்ற கூட்டத்தில் உறுப்பினர் சிலர் ஒரு தீர்மானம் கொணர்ந்தனர். நம் பகுதி அரசினர் பள்ளிகளில் நாள்தோறும் ஒரு பாடவேளை சமயம் கற்பிக்குமாறு அரசினர்க்கு விண்ணப்பம் செய்ய வேண்டும் என்பது அது. அதன்மேல் முடிவு காணுமுன் எம் கருத்தை அவையில் வைக்குமாறு தலைவர் பணித்தனர். யாம் தமிழாசிரியர், நாள்தோறும் சிறாரோடு பழகுவோர். கற்றதும் கண்டதும் கொண்டு சில கூறுவோம்.

தீர்மானம் கொணர்ந்தோர் கவலை மெய்யானது; அதனை எள்ளல் தகாது. வீட்டில் விளக்கேற்றுங்கால் ஒரு பதிகம் சொல்ல அறியாத பிள்ளைகள் பெருகிவிட்டனர். தேரும் திருவிழாவும் அவர்கட்குக் கைப்பேசியிற் படம் பிடித்தற்கு உரியவாயின. இக்குறைக்கு மருந்து வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அம்மருந்தைப் பொதுப் பள்ளியில் தேடலாமோ என்பதே வினா.

முதற்கண் சட்டம் கூறுவதைக் காண்போம். 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுதும் அரசுப் பொருளால் நடைபெறும் பள்ளியிற் சமய போதனை கூடாதென விலக்குகின்றது. அரசின் ஏற்போ உதவியோ பெறும் பிற பள்ளிகளிலும், மாணாக்கர் இசைவின்றி, இளையராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ அவரைச் சேர்த்தலாகாது என்கின்றது. ஆதலின் நம் விண்ணப்பம் சென்ற வழியே திரும்பும். ஆயினும் சட்டம் தடுக்கின்றது என்பதோடு யாம் நின்றுவிட விரும்பவில்லை. இவ்விலக்கு நமக்கும் காப்பு என்பதை உணர்தல் வேண்டும்.

1846-ஆம் ஆண்டை நினைமின். அப்போது சென்னை ஆளுநராயிருந்த டுவீடேல் பிரபு, அரசினர் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக்க முனைந்தார். கிறித்தவரல்லாத பெருமக்கள் கலங்கினர். 'கிரசண்ட்' என்னும் செய்தித்தாளை நடத்திய கசுலு இலட்சுமிநரசு செட்டியார் முதலானோர் பொதுக்கூட்டம் கூட்டி, இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்க்கு விண்ணப்பம் விடுத்தனர். இயக்குநர் ஆளுநர் கருத்தை ஏற்றிலர். ஆட்சி பிறர் கையில் இருந்தபோது நம் முன்னோர் கேட்டது யாது? எல்லார் வரிப்பணத்தால் நடக்கும் பள்ளியில் ஒருவர் மறையை மற்றவர் பிள்ளைக்கு ஊட்டற்க என்பதே. இன்று நாம் பெரும்பான்மையோர் என்பதற்காக அந்நீதியை மாற்றுவோமாயின், முன்னோர் கேட்டது நீதியன்று, தந்நலமே என்று ஆகிவிடாதோ?

இன்னொரு வினா. சமயம் என்றால் எச்சமயம்? பிறர் செய்தி கிடக்கட்டும், இம்மண்டபத்தையே நோக்குங்கள். நீறணிந்தோர் உளர், திருமண் இட்டோர் உளர், குலதெய்வம் அன்றி வேறு வணங்காதோர் உளர், கடவுளே இல்லை என்போரும் நம் உறவினரே. நமக்குள்ளேயே ஒரு பாடத்திட்டம் வகுக்க இயலாதபோது, பல இனத்தார் பயிலும் பள்ளிக்கு அதனை எங்ஙனம் வகுப்பது?

“விருப்பமுள்ளோர் இருக்கட்டும், பிறர் வெளியே செல்லட்டும்” என்று ஓர் அன்பர் மொழிந்தார். எம் வகுப்பில் நிகழ்ந்ததொன்று கூறுவோம். அன்று தேவாரப் பாடம். சொற்பிரித்துப் பொருள் தெரிந்து, பிழையின்றி ஒப்புவித்தவன் ஓர் இசுலாமியச் சிறுவன். மறுவாரம் சீறாப்புராணம். அதனை ஆர்வத்தோடு ஓதியவள் நம் குலத்துப் பெண். இருவரும் ஒரே பலகையிலிருந்து பாடங் கேட்டனர். தத்தம் சமயம் விட்டாரல்லர், தமிழில் வளர்ந்தனர். அப்பாடவேளையையே சமய பாடமாக்கினால் அச்சிறுவன் தாழ்வாரத்தில் நிற்பான். தமிழ் அவனுக்கு எட்டாது போதல் ஒருபுறமிருக்க, ‘யான் வேறு’ என்னும் பாடத்தை அன்றே அவன் கற்பான். பத்து வயதிற் கற்ற அப்பாடம் வாழ்நாளில் மறவாது.

சமயங்களை அறிதல் வேறு. சமயத்தில் சேர்த்தல் வேறு. இவ்வேறுபாட்டை 2002-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்று, சமயங்களைப்பற்றிய அறிவு தருதல் சமய போதனை ஆகாதெனத் தீர்ப்பளித்தது. தமிழ்ப் புலவர்க்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் சைவ நெறியினர். சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்து, குடந்தையிலிருந்த சைனரிடம் சென்று அவர்தம் கொள்கைகளைக் கேட்டறிந்தார்; நூலை 1887-இல் வெளியிட்டார். பின்னர்ப் பௌத்த நூலாகிய மணிமேகலையையும் 1898-இல் பதிப்பித்தார். தம் நெறியில் வழுவாது பிறர் நெறியைப் பணிவோடு கற்றார். பொதுப் பள்ளி கற்பிக்கற்பாலது இப்பணிவே ஆகும்.

வரம்பு கடந்தால் நேர்வதும் அண்மையிற் கண்டோம். 2024-ஆம் ஆண்டு சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒரு பேச்சாளர், உடற்குறைக்கு முற்பிறவி வினையே காரணம் என்னும் கருத்துப்படப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து மறுத்தார். அவ்வவையிலிருந்த மாணவியருள் உடற்குறை உடையார் ஒருத்தி இருந்திருப்பின், அவள் உள்ளம் யாதாயிருக்கும்? ஊழைப்பற்றிப் பெரியோர் தம்முள் ஆராயலாம்; பதிலிறுக்க இயலாத சிறாரைக் கூட்டி வைத்து, அவர்தம் துன்பத்திற்கு அவரையே குற்றவாளியாக்கல் அறமன்று.

அங்ஙனமாயின் நம் பிள்ளைகள் சமயம் அறியாது வளர்வதோ? அன்று. அதற்குரிய இடம் இம்மண்டபமும் நம் இல்லமும் ஆகும். ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864-இற் சிதம்பரத்திலும் ஒன்று அமைத்தார். அரசினர் பள்ளியை நோக்கிக் கைகட்டி நின்றாரல்லர், வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினார், நூல்கள் அச்சிட்டார், தாமே கற்பித்தார். நம்மால் ஒரு ஞாயிறு மாலை ஒதுக்க இயலாதோ? மண்டபம் ஞாயிறுதோறும் வறிதே கிடக்கின்றது. பதிகம் ஓதவல்ல முதியோர் நம்முள் உளர். அவர் ஓதுக, பிள்ளைகள் கேட்க. பெற்றோரும் உடனிருத்தல் வேண்டும். தந்தை வாசலிற் கைப்பேசி நோக்கியிருக்க மகன் உள்ளே பதிகம் கற்பான் என்பது நடவாத காரியம். ஞாயிறுதோறும் கற்பிக்க யாம் ஊதியமின்றி வருவோம்.

ஆதலின் அவையோர்க்கு எம் வேண்டுகோள் இரண்டு. விண்ணப்பத் தீர்மானத்தைக் கைவிடுக. அதன் இடத்தில், வருகின்ற திங்கள் முதல் ஞாயிறு வகுப்புத் தொடங்கும் தீர்மானத்தை நிறைவேற்றுக. பிறரைக் கேட்டுப் பெறும் பக்தியினும் நாம் உழைத்துத் தரும் பக்தி பிள்ளைகள் உள்ளத்தில் நிலைக்கும். எம் சொல்லிற் குற்றமிருப்பின் பொறுத்தருள்க.