பழகிய பாட்டும் இளைய குரலும்



இசைக் கச்சேரிக்குச் செல்லும் இரசிகர்களிடம் இரண்டு விதமான ஆவல்கள் உண்டு. இதுவரை கேளாத ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது ஒன்று. நன்கு தெரிந்த பாட்டை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. நம்மிற் பெரும்பாலோர் இரண்டாவது வகையினர் என்றே நான் நினைக்கிறேன். மேடையில் இருப்பவர் பதினாறு, பதினேழு வயதினராயின், நமது இந்த ஆவலே அவருக்குப் பெருஞ்சோதனையாகி விடுகிறது. அந்தச் சோதனையைப் பற்றியே இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இன்று நாம் காணும் கருநாடக இசைக் கச்சேரியின் அமைப்பைப் பெருமளவுக்கு வகுத்துத் தந்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967) என்பர். முதலில் ஒரு வர்ணம், அடுத்து விநாயகர் மீதான ஒரு கீர்த்தனை, பின் சில உருப்படிகள், நடுவில் ஆலாபனை, நிரவல், கற்பனாசுரம், தனியாவர்த்தனம் ஆகியவற்றோடு பிரதான உருப்படி, இறுதியில் துக்கடாக்கள். இளங்கலைஞருக்குக் கிடைக்கும் ஒன்றரை மணி நேரமும் இதே வரிசையிலேதான் செல்கிறது. பைரவி அடதாள வர்ணம், 'வாதாபி கணபதிம்', தியாகராஜ சுவாமிகளின் பஞ்சரத்தினங்களுள் ஒன்று என்று பாடல்களும் பழகியவையே. சபையிலே பாதிப்பேருக்கு அடுத்த அடி எதுவென்று தெரியும்.

அனுபவம் குறைந்தவர்கள் பத்திரமான வழியைத் தேடித்தான் தெரிந்த பாட்டுகளைப் பாடுகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. இதனை நான் ஏற்பதில்லை. அபூர்வமான ஒரு கீர்த்தனையில் இளையவர் தடுக்கினால் அதைக் கண்டுகொள்பவர் சிலரே. 'வாதாபி'யில் தடுக்கினாலோ முழுச் சபையும் கண்டுகொள்ளும். அதுமட்டுமல்ல. கேட்பவர் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் ஏற்கெனவே ஒரு பெரியவரின் குரல் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. இளைய குரல் அந்தக் குரலோடும் சேர்த்தல்லவா மேடையேறுகிறது!

நெஞ்சிலே நாம் வைத்திருக்கும் அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'வாதாபி கணபதிம்' முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனை. அது அமைந்த ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவருடைய தந்தையார் இராமசுவாமி தீட்சிதர். மத்திமமும் தைவதமும் இல்லாத ஐந்து சுர இராகம் அது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் இந்தக் கீர்த்தனையின் வடிவம் எளிமையானது. இன்று நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அடுக்கடுக்கான சங்கதிகள் பின்வந்த பாடகர்கள் சேர்த்தவை என்பது இசை ஆய்வாளர் கருத்து. அப்படியாயின், மாற்றவே கூடாதென்று நாம் காவல் காக்கும் வடிவமும் ஒரு காலத்தில் யாரோ ஒரு பாடகரின் கற்பனையில் முளைத்ததுதான்.

இதனால் இளையவர்கள் மனம்போனபடி பாடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாடாந்தரம் என்பது பெரிய சொத்து. குருவிடம் இருந்து சீடருக்கு வாய்மொழியாக வந்த அந்தச் சொத்தை முதலில் குறைவின்றிப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்ட பின் அதிலே தன் குரலுக்கு உரிய இடம் எது என்று தேட வேண்டும். நமது பெரியவர்கள் இளமையில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 1928இல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில், முசிறி சுப்பிரமணிய ஐயரால் வர இயலாமற் போன கச்சேரியில், பதினெட்டு வயதில் அமர்ந்து பாடியவர் ஜி. என். பாலசுப்பிரமணியம். நாதஸ்வரத்தின் போக்கைக் குரலில் ஏற்றிய அவருடைய துரித பிருகாக்களைப் பின்பு எத்தனையோ பேர் பின்பற்றினர். 1933இல் ஏழு வயதில் அதே மயிலாப்பூரில் புல்லாங்குழலோடு மேடையேறிய மாலி என்னும் ரி. ஆர். மகாலிங்கம், குழலில் விரல் வைக்கும் முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை அதிலே கொண்டு வந்தார். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு தம் வாத்தியத்தை அமைத்துக்கொண்டார். மூவரும் கையாண்ட பாட்டுகள் பெரும்பாலும் பழகியவையே. அவற்றை ஒலித்த முறையிலேதான் புதுமை இருந்தது.

நமது நாட்டின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழக நாதஸ்வர மேதைகளும் விரும்பி அழைத்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) பிறந்த மண் இது. இசைக் குடும்பங்களும், நல்லாசிரியர்களும், மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரியும் பல தலைமுறைகளை வளர்த்தன. ஆனால் யுத்தம் ஆசிரியர்களையும் சிதறடித்தது. 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தம்புராவைச் சுமந்து சென்றவர் எத்தனை பேர், விட்டுச் சென்றவர் எத்தனை பேர்! பலர் கனடாவிலும் இலண்டனிலும் போய்க் குடியேறினர். வர்ணம் வரை ஓரிடத்தில் கற்ற பிள்ளைக்குக் கீர்த்தனை சொல்லித்தர ஆளில்லை. அந்த இடத்தை ஒலிநாடா எடுத்துக்கொண்டது. பின்னர் இறுவட்டு வந்தது. இப்போது கைத்தொலைபேசி.

ஒலிநாடா பொறுமையான ஆசிரியர்தான். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் பாடும். ஆனால் 'பிள்ளை, இந்த இடத்தில் உனக்கு மூச்சுப் போதவில்லை' என்று அது சொல்லாது. அதனால் வித்துவான் ஒருவர் அறுபது வயதில் தம் மூச்சுக் குறைவால் நிறுத்திய இடத்தில், பதினாறு வயதுப் பிள்ளையும் நிறுத்துகிறது. இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்களுக்குக் கிடைத்த குரு அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவொன்றிலே ஒரு சிறுமியின் பாட்டைக் கேட்டேன். 'வாதாபி'யை எடுத்தாள். பல்லவியில் மூன்று சங்கதிகளோடு நிறுத்தி அனுபல்லவிக்குப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்த முதியவர், "பிள்ளை பாதியை விழுங்கிப்போட்டுதே" என்றார். பிறகு கற்பனாசுரம் வந்தது. வேகம் காட்டவில்லை. காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறொரு கணக்கில் வந்து தொட்டாள். இல்லாத மத்திமத்தின் வெளி அங்கே கேட்டது. முதியவர் பேசவில்லை. அவருடைய கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கச்சேரி முடிந்ததும் அவளிடம் சங்கதிகளைப் பற்றிக் கேட்டேன். அவளுடைய ஆசிரியை வெளிநாட்டில் இருக்கிறாராம், தொலைபேசியிலேதான் பாடம். "உனக்குத் தெளிவாய் வாறதை மட்டும் பாடு, மிச்சம் வரேக்கை வரும் எண்டு ரீச்சர் சொன்னவ" என்றாள். ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தும் ஒரு குரு தன் சீடையின் மூச்சை அறிந்திருக்கிறார்! பாடாந்தரம் முற்றாக அறுந்துவிடவில்லை என்ற ஆறுதலோடு அன்று நான் வீடு திரும்பினேன்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் பாடும் உருப்படிகளிற் பல தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்தவை. பொருள் கேட்டுப் பாடுங்கள். பொருள் தெரியாதபோது சொல் நடுவிலே உடைகிறது. எத்தனை பிருகா போட்டாலும் அது ஒட்டாது. நம்மைப் போன்ற இரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல உண்டு. விடுபட்ட சங்கதிகளை விரல்விட்டு எண்ணுவது எளிது. வந்த சங்கதி எப்படி வந்தது என்று கேட்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை சபையில் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒலிநாடாவின் நிழலிலேயே நின்றுவிடுவார்கள்.

ஸ்ரீராகத்தில் அமைந்த 'எந்தரோ மஹானுபாவுலு' என்ற பஞ்சரத்தினக் கீர்த்தனை பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கேரளத்திலிருந்து ஷட்கால கோவிந்த மாரார் திருவையாற்றுக்கு வந்து, ஜயதேவரின் அஷ்டபதியொன்றை ஆறு காலங்களிலே பாடினாராம். யாவரும் அறிந்த அஷ்டபதிதான். அதைக் கேட்டு உள்ளம் உருகிய தியாகராஜர், உலகில் உள்ள மகான்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்லும் இந்தக் கீர்த்தனையை அவர் முன்னே பாடச் செய்தாராம். கதை எவ்வளவு உண்மையோ, மாரார் தியாகராஜரிலும் ஏறக்குறைய முப்பது வயது இளையவர் என்பது வரலாறு. பழகிய பாட்டைப் பாடிய இளையவரைப் பெரியவர் கேட்டு வணங்கினார் என்றே நம் முன்னோர் அந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கின்றனர். அடுத்த முறை ஒரு பிள்ளை மேடையில் அமர்ந்து சுருதி சேர்க்கும்போது, அவ்வாறு கேட்க நாமும் முயல்வோமாக.