கூட வருபவருக்கு உண்டா?

தாம்பரத்தில் ஒரு காப்பீட்டு முகவரிடம் ஒருவர் வந்தார். “போலீஸ் கேட்டா காட்டணும். இருக்கறதுலயே குறைஞ்ச இன்ஷூரன்ஸா போடுங்க” என்றார்.

“சரிங்க. கார்ல யார் யார் போவீங்க?”

“நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க.”

“அவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாதுங்களே!”

முகவர் சொன்னது சரிதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை. நம் வண்டி மோதி, சாலையில் போகிறவருக்கு அடிபட்டால் அது கைகொடுக்கும். நம் காரில் கூட வருபவருக்கும், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அது மட்டும் போதாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்கள், வெள்ளத்தில் எஞ்சின் கெட்டால் பணம் வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அடிபட்டவர் நாமாக இருந்தால்? முதலில் சிகிச்சை. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரத்துக்கு, குறிப்பிட்ட வரம்புவரை இலவசம். அடுத்தது இழப்பீடு. பெருங்களத்தூரில் அடிபட்ட திருநெல்வேலிக்காரர் செங்கல்பட்டுக்கு அலைய வேண்டியதில்லை. தன் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டதா? அதற்கும் வழி இருக்கிறது: பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம்.

தீர்ப்பாயத்தில் மனுப் போடச் சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். எஃப்.ஐ.ஆர். நகலையும் மருத்துவமனை ரசீதுகளையும் முதல் நாளிலிருந்தே ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.