தெருவோரம் உறங்குவோரும் சென்னை மாநகரமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுமாறே செயலாளர் அவர்கள் என்னைப் பணித்திருந்தார். அதற்கெனக் குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். ஐப்பசி அடைமழையின்போது நேர்ந்த ஒரு நிகழ்ச்சி என் தலைப்பை மாற்றிவிட்டது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன். செயலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வீடற்றோர் என்றதும் நம்மில் பலருக்குப் பிச்சை எடுப்போரே நினைவுக்கு வருகின்றனர். அரசும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணி வந்தது. 1945 ஆம் ஆண்டின் பிச்சைத் தடைச் சட்டம் அவர்களைப் பிடித்து அடைக்கவே வழி செய்தது. ஆனால் நம் வால்டாக்ஸ் சாலையிலும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். அங்கே படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பகலெல்லாம் உழைத்தவர்கள். மூட்டை சுமப்போர், மீன்பாடி வண்டி ஓட்டுவோர், பூக்கட்டுவோர், பழைய காகிதம் பொறுக்குவோர். மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் வாழும் குடும்பங்களும் உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே மணம் முடித்து, நடைபாதையையே முகவரியாகக் கொண்ட குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் வைத்திருப்போர் உண்டு. வாக்குக் கேட்க வருவோருக்கு அந்த முகவரி தெரிகிறது. வீடு ஒதுக்குவோருக்குத்தான் தெரிவதில்லை.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 ஆம் நாள் இரவில் வீடற்றோரைத் தேடிச் சென்று எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 இலட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களுள் நகரங்களில் இருந்தோர் 9 இலட்சத்து 38 ஆயிரம். 2001 இல் நகரங்களில் இருந்தோர் 7 இலட்சத்து 78 ஆயிரமே. சிற்றூர்களில் தொகை குறைய, நகரங்களில் ஏறியிருக்கிறது. ஓர் இரவில் எண்ணிய கணக்கு இது; கடைக்குள்ளும் வண்டிக்கடியிலும் படுத்திருந்தோர் எத்தனை பேர் விடுபட்டனரோ! அடுத்து 2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் அவ்வாண்டு நடைபெறவில்லை.

மாநகராட்சியின் காப்பகங்கள் பெருகியதற்கு ஒரு பின்னணி உண்டு. 2010 ஜனவரியில் டெல்லிக் கடுங்குளிரில் தெருவோர மக்கள் இறப்பதைப் பற்றி, உணவு உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதினர். அதன்மீது பிறந்த ஆணை பின்னர் நாட்டின் பெருநகரங்கள் அனைத்திற்கும் விரிந்தது. ஓர் இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது அளவுகோல். 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதையே ஏற்று, தலைக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்று வரையறுத்தது. விரிவாக்கப்பட்ட நம் மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 இல் 60 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவ்வாறாயின் அறுபதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் வேண்டும். பத்தாண்டு கழிந்த பின்னும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை.

ஆயினும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நன்றியின்மையாகும். ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர், மனநலம் குன்றியோர் என்று தனித்தனிக் காப்பகங்களை மாநகராட்சி ஏற்படுத்தித் தொண்டு நிறுவனங்களிடம் நடத்தக் கொடுத்தது. அரசு மருத்துவமனைகளில் நோயாளியுடன் வந்து வராந்தாவில் சுருண்டு கிடப்போருக்கும் காப்பகம் அமைத்தது. இது சென்னை செய்த மிக நல்ல காரியம் என்பது என் கருத்து. 2021 இல் மாநகரக் காவல்துறை தொடங்கிய 'காவல் கரங்கள்' தெருவில் கைவிடப்பட்டோரை மீட்டுக் குடும்பத்திடமோ காப்பகத்திடமோ சேர்த்து வருகிறது.

மனநலம் குன்றியோரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகினர். அவர்களைக் குடும்பத்தார் கொண்டு வந்து விட்டுச் சென்றிருந்தனர். நாம் அடிக்கடி போய் வரும் ஊர் அது. அன்று நாம் வருந்தினோம். ஆனால் நம் தெருமுனையில் தனக்குத் தானே பேசிக்கொண்டு திரிபவரைக் கண்டால் இன்றும் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்றுதான் சொல்கிறோம். சென்னையில் 1993 இல் இரண்டு இளம்பெண்கள் தெருவில் திரிந்த ஒரு பெண்ணைக் கண்டு கலங்கித் தொடங்கியதே 'தி பேன்யன்' நிறுவனம். அந்நிறுவனம் 2015 முதல் ஒரு புது வழியைக் கையாள்கிறது. குணமடைந்தும் போக இடமில்லாதோர் நான்கைந்து பேரைச் சேர்த்து, ஊருக்குள்ளேயே சாதாரண வாடகை வீட்டில் குடியமர்த்துகிறது. உதவிக்கு ஒருவர் உடனிருப்பார். தாமே சமைத்து, தாமே கடைக்குப் போய் வருகிறார்கள். 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதைக் காவல் நிலைய அதிகாரியின் கடமையாகவே ஆக்கியுள்ளது. நாம் காவல் நிலையத்தில் சொன்னால் அவர்கள் மறுக்க இயலாது. இதனை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

அப்படியிருந்தும் நடைபாதை ஏன் காலியாகவில்லை? ஒன்று, வீடு கொடுக்கும்போது பிழைப்பிலிருந்து நெடுந்தொலைவில் கொடுக்கிறோம். கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் சான்று. பாரிமுனையில் மூட்டை சுமப்பவரை நகரின் தென்கோடிக்கு அனுப்பினால், விடியற்காலை நான்கு மணி லாரிக்கு அவர் எவ்வாறு வருவார்? வீட்டைப் பூட்டிவிட்டு நடைபாதைக்கே திரும்புகிறார். மற்றொன்று, காப்பகத்தில் கணவன் ஓரிடம், மனைவி வேறிடம், வளர்ந்த மகன் மூன்றாமிடம். நம்மில் யார் இதற்கு இணங்குவோம்? மூன்றாவதை எனக்கு ஒரு பெரியவர் கற்பித்தார். தொடக்கத்தில் சொன்ன நிகழ்ச்சி அதுவே.

என் கடைப் படியில் ஒரு மீன்பாடி வண்டிக்காரர் பதினோர் ஆண்டுகளாக உறங்கி வந்தார். படி அழுக்காகிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் குறை சொன்னதால், சென்ற ஆண்டு படிக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் வண்டியின் மீதே தார்ப்பாயைப் போர்த்திப் படுக்கலானார். ஐப்பசி மழையில் நான்கு இரவுகள் நனைந்து, நுரையீரலில் சளி கட்டி, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே முகவரி கேட்டபோது என் கடையின் கதவிலக்கத்தைச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து, "உங்கள் வீட்டுப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கக்கூட வரவில்லையே" என்று என்னிடம் கேட்டார். நான் விடை சொல்லாமல் நின்றேன்.

நலமடைந்ததும் காப்பகத்திற்கு அழைத்துச் சென்றேன். இடம் சுத்தமாகவே இருந்தது. பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டியை எங்கே தம்பி நிறுத்துறது?" என்றார். அதற்கு இடமில்லை. வண்டி களவு போனால் அவருக்குச் சோறில்லை. திரும்பிவிட்டார். கம்பிக் கதவின் சாவி ஒன்றை நீட்டினேன். கடையில் ஏதேனும் காணாமற்போனால் தம்மீது பழி வரும் என்று வாங்க மறுத்தார். இப்போது கடை அடைக்கும்போது கதவைப் பூட்டாமல் விட்டு வருகிறேன்.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் ஷாதி மஹால் மழைக்காலத்தில் பல இரவுகள் பூட்டியே கிடக்கிறது. கனமழை எச்சரிக்கை உள்ள இரவுகளில் அதன் கீழ்த்தளத்தைக் குடும்பங்கள் பிரியாமல் தங்கத் திறந்துவிட வேண்டும். மஹாலின் பக்கவாட்டுச் சந்தில் பத்து வண்டிகள் நிறுத்தத் தகரக் கூரை போட்டுச் சங்கிலி அமைக்க வேண்டும். அதற்கான செலவில் பாதியை நான் ஏற்கிறேன். அட்டைகளும் ஓய்வூதியமும் கேட்டு விண்ணப்பிப்போருக்கு ஜமாஅத் கடிதம் வழங்க வேண்டும். எம்மதத்தவராயினும் நம் தெருவில் உறங்குபவர் எனில் அது போதும். மஹால் அழுக்காகும் என்ற ஆட்சேபம் எழும் என்பதை அறிவேன். நானும் அதே காரணத்திற்காகத்தான் கதவு போட்டேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் முடிவெடுக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வஸ்ஸலாம்.