அனுப்பினோம், சென்றோமா?



செல்பேசிக்கு வந்த உலகின் முதல் குறுஞ்செய்தியே கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் அதை அனுப்பினார். இன்று வாட்ஸ்அப்பில் வந்த குடில் படத்தை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அனுப்பிவிடுகிறோம். நல்லதே, தூரத்தில் இருப்பவரையும் அது மகிழ்விக்கிறது.

ஆனால் லூக்கா நற்செய்தியில் வரும் இடையர்கள், வானதூதர் சொன்னதைக் கேட்டதோடு நிற்கவில்லை. பெத்லகேமுக்குப் போனார்கள், பாலனைக் கண்டார்கள். பிறகே பிறருக்குச் சொன்னார்கள். கடவுளும் நமக்குச் செய்தி மட்டும் அனுப்பவில்லை. தாமே மனிதராக வந்தார்.

உங்கள் செல்பேசியில் வாழ்த்து அனுப்பாமல் தாண்டிப்போகும் பெயர் ஒன்று இருக்கலாம்: பேச்சு நின்றுபோன அண்ணன், இந்த ஆண்டு துக்கம் நடந்த வீடு. அங்கே நேரில் போங்கள். முடியாவிட்டால் அழைத்துப் பேசுங்கள். அந்த வீட்டிலும் பாலன் இயேசு பிறக்கட்டும். ஆமென்.