வேரின் உரிமையும் மருந்தின் சோதனையும்



வெள்ளி விழா மேடையில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், தென்னாப்பிரிக்க நாட்டு மூலிகை வேர் ஒன்றைப் பற்றியது. அதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. அந்த வேரைப் பற்றிய அறிவு யாருக்கு உரியது? அந்த வேர் காசநோயைத் தீர்க்குமா? இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

1897ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர், காசநோய் நீங்க வேண்டித் தென்னாப்பிரிக்கா சென்றார். இன்று லெசோத்தோ எனப்படும் பசூட்டோலாந்தில் கிஜிட்சே என்ற நாட்டு மருத்துவர், ஒரு செடியின் வேரைக் காய்ச்சிக் கொடுத்தார். ஸ்டீவன்ஸ் உடல் தேறினார். தாயகம் திரும்பியதும் அதனையே தம் பெயரால் காசநோய் மருந்தாக விற்றார். வேர் எது என்பதை மட்டும் மறைத்து வைத்தார். பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் 1909இல் அதனைப் போலி மருந்து என்று கண்டித்தது. ஸ்டீவன்ஸ் வழக்குத் தொடுத்து, 1914இல் தோற்றார். அச்செடி பெலர்கோனியம் இனத்தைச் சார்ந்தது என்று 1970களில் ஜெர்மனியின் ம்யூனிச் நகர ஆய்வாளர்களே தெளிவாக்கினர்.

தோழர்களே, இதில் ஒரு கொடுமையையும் காண்க. வெள்ளையர் ஒருவர் அவ்வேரால் பொருளீட்டிய அதே காலத்தில், பசூட்டோ இளைஞர்கள் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகச் சென்று, கல்தூசியைச் சுவாசித்து, காசநோயுடன் வீடு திரும்பினர். வேரைக் காட்டியவனின் மக்களுக்கு ஆதரவு இல்லை.

பின்னர் அவ்வேரின் சாறு ஜெர்மனியில் மார்ச்சளி மருந்தாக விற்பனையாயிற்று. ஷ்வாபே என்னும் நிறுவனம், வேரிலிருந்து சாறு பிரிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றது. கிழக்குக் கேப் மாநிலத்து ஆலிஸ் ஊர் மக்கள் வாளா இருந்தார்களில்லை. தொண்டு அமைப்புகளின் துணையோடு எழுத்து மூலம் ஆட்சேபம் தாக்கல் செய்தனர். கண்டுபிடிப்பு எனத்தக்க புதுமை அதில் இல்லை என்று, 2010 ஜனவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதனை ரத்து செய்தது. ஏட்டில் எழுதி வாங்கிய உரிமையை ஏட்டைக் கொண்டே வென்றனர் அவ்வூரார். கல்வியின் பயன் இதுவன்றோ!

இனி இரண்டாம் கேள்வி. அறிவு அம்மக்களுடையது என்பதாலேயே, வேர் காசநோயைத் தீர்க்கும் என்று ஆகிவிடாது. ஒருவர் தேறியதும் சான்றாகாது. மருந்தின்றியே தேறியவர்களும் சிலர் உண்டு. சோதனைக் குழாயில் வேர்ச்சாறு கிருமியின் வளர்ச்சியை ஓரளவு தடுத்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. குழாய் வேறு, மனித நுரையீரல் வேறு.

உண்மையான சோதனை எத்தகையது? 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு அதனைக் காட்டுகிறது. படுக்கை ஓய்வுடன் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில், ஆறு மாதத்திற்குள் இறந்தவர் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர். ஒப்பிட்டுப் பார்த்ததனால் உண்மை விளங்கிற்று. ஒரே மருந்தைத் தனித்துக் கொடுத்தால் கிருமி அதற்கு அடங்காமல் போவதும் அப்போது தெரிந்தது. அதனாலேயே இன்று பல மருந்துகளைச் சேர்த்து, சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கொடுக்கின்றனர். அத்தகைய சோதனையில் காசநோய் மருந்தாக அவ்வேர் இன்றளவும் தேறவில்லை.

இளைஞர்களே! பாட்டனின் அறிவைப் பழித்தலும் தவறு. சோதியாமல் நம்புதலும் தவறு. அதனை எழுதி வையுங்கள். பிறர் கவர வந்தால் சட்டத்தால் காத்திடுங்கள். மெய்யோ என்று ஆய்ந்திடுங்கள். இருமல் இரண்டு வாரம் நீடித்தால், பெற்றோரையும் அண்டை வீட்டாரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சளியைச் சோதிக்கச் செய்யுங்கள். மருந்து அங்கே இலவசம். இருமல் நின்றவுடன் மருந்தை நிறுத்த விடாதீர்கள். நம் தெருவில் ஒருவரேனும் பாதியில் மருந்தை விட்டு உயிரிழக்காமல் காப்பதும் இச்சங்கத்தின் கல்விப் பணியே ஆகும்.